நாலாவது லயத்திலிருந்து பதினொன்று வரை

சுதர்ஷினி பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் நாலாவதில் பிறந்தவள். இப்போது அம்மாவோடு ஹட்டனில் இருந்துகொண்டு, தோட்டக் கம்பனி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறாள். அங்கே ஓடுவது ஆர்.பி.ஜி. என்ற பழைய மொழி. புதிதாகப் படித்து வருகிறவர்கள் அதைக் கண்டாலே ஓட்டம் பிடிக்கிறார்களாம். இவள் ஓடவில்லை. அந்தப் பெருமையில் எங்களுக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிருந்தது.

மண்சரிவுக்குப் பிறகு, ஆபத்தான லயங்களில் இருப்பவர்களுக்குப் புதுவீடு என்றார்கள். பெயர்களைப் பிரித்தெடுக்கும் புரோகிராம் சுதர்ஷினியுடையது. அது லயம் லயமாகச் சுற்றிவரும். எத்தனையாவது லயம் என்பதை ‘ஐ’ என்ற எண் வைத்திருக்கும். லயத்தின் ஒரே காம்பராவில், அதாவது ஒரே அறையில், இரண்டு குடும்பம் இருந்தால் மட்டும், காம்பராக்களை எண்ண உள்ளே இன்னொரு சுற்று. அதற்கும் அதே ‘ஐ’யைப் போட்டுவிட்டாள். சோதித்துப் பார்த்தபோது அப்படியொரு லயம் வரவில்லை. எங்கள் மூன்றாவது லயத்தில் வந்தது. ஒன்றிலிருந்து பத்துக் காம்பராவையும் எண்ணி முடித்து அடுத்ததற்கு நகர்ந்தபோது ‘ஐ’ பதினொன்றில் நின்றது. வெளிச்சுற்று அதோடு ஒன்றைக் கூட்டி, நேரே பன்னிரண்டாவது லயத்துக்குப் போய்விட்டது. நடுவில் இருந்த எட்டு லயத்தை அது பார்க்கவே இல்லை.

நான் மூன்றாவது லயம்; எனக்கு வீடு கிடைத்தது. மிஞ்சிய வீடுகளை தோட்டத்தின் வேறு பிரிவுக்கு, வேறு டிவிஷனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

தீபாவளிக்கு வந்தவள், தன் லயத்தில் ஒரு குடும்பமும் நகராததைக் கண்டு திகைத்துப் போனாள். ஹட்டனுக்குத் திரும்பியதும் பிழையைக் கண்டுபிடித்தாள். உள்சுற்றுக்கு ‘ஜே’ என்று வேறு எண் கொடுத்ததும் சரியாகிவிட்டது. மேலிடத்திலும் ஒளிக்காமல் சொன்னாள். அடுத்த கட்ட வீடுகள் எப்போது என்று யாருக்கும் தெரியாது என்றார்கள்.

அடுத்த ஞாயிறே வந்து, நாலாவது லயத்தில் தான் பிறந்த காம்பராவுக்குப் பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமியிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்தேன். நாகலெட்சுமி திட்டியிருந்தால் தேவலை. அவர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

“பேரு இல்லன்னு தெரிஞ்சப்பவே ஆபீஸ்ல கேட்டிருக்கலாமே அத்தை? அப்பக் கேட்டிருந்தா வீடு இருந்துச்சே” என்றாள் சுதர்ஷினி.

நாகலெட்சுமி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார்.

“எல்லாரும் கேக்கத்தான் கெளம்புனாங்க புள்ள. நாந்தான் போகாதீங்கன்னேன். இது நம்ம சுதா போட்ட கணக்கு, அவ நம்மள விட்டுருவாளான்னு சொல்லி நிப்பாட்டிப்புட்டேன்.”