இடது பேக்குக்கு ஒரு தடையின்மைச் சான்று

எங்கள் வட்டாரக் கால்பந்து லீக்கின் பதினான்காவது விதி இது: ஓர் ஆட்டக்காரர் அணி மாற விரும்பினால் பழைய அணியிடம் தடையின்மைச் சான்று கேட்க வேண்டும், கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் பழைய அணி பதில் தராவிட்டால், அதற்கு ஆட்சேபணை இல்லை என்றே கொள்ளப்படும். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு குடும்பம் நடத்தி, சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவன் நான். இவ்வளவு தெளிவான விதியை அதிகம் பார்த்ததில்லை. பயன்படாத விதிகள்தான் பொதுவாக அத்தனை தெளிவாக இருக்கும்.

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டோரம் ஒரு டீக்கடை. நடைப்பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு நான் தினமும் காலையில் போய்ச் சேரும் இடம் அது. கடைக்காரர்தான் எங்கள் ஊர் அணிக்கு மேனேஜர், பயிற்சியாளர், ஆட்டத்தன்று டிரைவர். ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் யாரை எடுக்க வேண்டும், யாரைக் கழற்றிவிட வேண்டும் என்பதெல்லாம் அங்கே முதல் டீ ஆறுவதற்குள் முடிவாகிவிடும். அந்தக் கழகங்களுக்குத்தான் தகவல் போவதில்லை.

"போயும் போயும் இன்னொரு பார்வர்டை எடுத்திருக்கானுங்க. கோலு விழுகுறது பின்னாடி, இவனுங்க ஆள் எடுக்குறது முன்னாடி" என்று ஒருநாள் கடைக்காரர் அலுத்துக்கொண்டார்.

"வடை ஊசிப்போன அன்னைக்கு நீங்க பஜ்ஜி போட்டுச் சமாளிக்கலையாண்ணே? அது மாதிரிதான்" என்றார் ஷேர் ஆட்டோ ஓட்டும் நண்பர்.

ஆட்டக்காரர்களை நிறுத்தும் முறையில் கடைக்காரர் நாலு-நாலு-இரண்டு கட்சி. ஆட்டோக்காரர் நாலு-மூன்று-மூன்று. இருவரும் பெஞ்சில் காலி டீ கிளாஸ்களை அணிவகுத்து வாதாடுவார்கள். சர்க்கரை டப்பா கோல்கீப்பர். எப்படி அடுக்கினாலும் இடது பேக்குக்கு, அதாவது இடப்பக்கத் தடுப்பாளருக்கு, மட்டும் ஆள் இருக்காது. உண்மையிலேயே எங்கள் அணியில் இடதுகால் ஆட்டக்காரர் ஒருவரும் கிடையாது. அந்த இடத்தில் ஓர் உளுந்த வடையை வைப்பார்கள். வாதம் சூடேறும்போது ஆட்டோக்காரர் அதை எடுத்துத் தின்றுவிடுவார்.

"பாத்தீகளா, போன வருசமும் இப்படித்தான் லெப்ட் சைடு பூரா தொறந்து கெடந்துச்சு" என்பார் கடைக்காரர்.

அந்த வடையின் இடத்துக்கு ஆள் வந்தது கல்யாணத்தின் மூலம். சோழவந்தான் அணியின் இடது பேக், வெற்றிலை லோடு வேன் ஓட்டுபவர், எங்கள் ஊரில் பெண் எடுத்து ஆவணியில் இங்கேயே குடிவந்தார். ஊரே அவரை மாப்பிள்ளை என்றது. வயது முப்பத்து மூன்று. வலது முட்டியில் எப்போதும் ஒரு பட்டை.

"இந்த ஒரு சீசன் வேணா ஆடிக்கன்னு டாக்டரு சொல்லிட்டாருண்ணே. அதுக்கு மேல முட்டி தாங்காதாம்" என்றார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "எம் பொண்டாட்டி நான் ஆடி ஒருதடவை கூடப் பாத்ததில்ல. இங்கன கிரவுண்டுன்னா நடந்தே வந்துருவா."

கடைக்காரர் உடனே துண்டை உதறித் தோளில் போட்டார். "நாளைக்குச் சோழவந்தான் போயி, அவுக செயலாளரப் பாத்து ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

நான்தான் தடுத்தேன். வாய்மொழிக்கு ஆதாரம் ஏது? பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு ஒரு கடிதம் எழுதி, ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரும்வரை பழைய அணிக்கும் ஆடக் கூடாது, ஆடினால் நம் தரப்பு பலவீனப்படும் என்று மாப்பிள்ளைக்கு அறிவுரையும் சொன்னேன். அவர் தலையாட்டினார். படித்தவர்கள் சொன்னால் தலையாட்டுகிற பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

பத்தாம் நாள் கடிதம் திரும்பி வந்தது. உறையின் மேல், 'பெற மறுப்பு.' எனக்கு மகிழ்ச்சி தாளவில்லை. மறுத்தால் பெற்றதாகவே பொருள் அல்லவா? பதினைந்து நாள் கழியட்டும் என்று காத்திருந்து, பதினான்காவது விதியின்படி மாற்றத்தை அனுமதிக்குமாறு லீக் குழுவுக்கு ஒரு மனுப் போட்டேன். மனு பரிசீலனையில் உள்ளதாக ரசீது தந்தார்கள்.

பொங்கல் கழிந்து லீக் தொடங்கியது. யானைமலை அடிவாரத்தில் எங்கள் மைதானம். மாப்பிள்ளை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து கோட்டுக்குச் சுண்ணாம்புப் பொடி போட்டார், கொடி பிடித்தார், தண்ணீர் கொடுத்தார். எங்கள் அணி நாலு-நாலு-இரண்டிலும் தோற்றது, நாலு-மூன்று-மூன்றிலும் தோற்றது. எல்லாக் கோல்களும் இடது பக்கமாகவே வந்தன.

கடைக்காரர் பொறுமை இழந்து ஒருநாள் காலையில் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு சோழவந்தான் போனார். செயலாளர் வெற்றிலை வியாபாரி. கடையில் கட்டுக்கு ஈரச்சாக்கு சுற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"அந்தப் பதிவுத் தபாலு நீங்கதானா? எங்க தெருவுல பதிவுத் தபாலுன்னா வக்கீல் நோட்டீசுதான் சார். வரப்புத் தகராறுல எனக்கு மட்டும் மூணு வந்திருக்கு. போஸ்ட்மேன் அட்டைய நீட்டுனாலே வேணாம்னு சொல்லிட்டு வெத்தலைக் கொடிக்காலுக்குப் போயிருவேன்."

"அப்ப உங்களுக்கு ஆட்சேபணை இல்லையா?" என்றேன்.

"கட்டிக்கிட்ட ஊருக்கு ஆடப் போறான், நான் என்ன சொல்லப் போறேன்? ஆனா ஒண்ணு. எங்காளைக் கூட்டிட்டுப் போறீக, வெத்தலை பாக்கு வச்சுக் கேக்க வேணாமா? அதுவும் எங்க ஊர்ல வந்து?"

கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. செயலாளர் கடையிலேயே ஒரு கவுளி வெற்றிலை வாங்கி, பக்கத்துக் கடையில் பாக்கு வாங்கி, அவருக்கே வைத்தோம். அவர் ஒரு வெற்றிலையைக் காம்பு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார். மொத்தம் பத்து நிமிடம்.

சான்றோடு லீக் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையானவர். எழுந்து நாற்காலி போட்டார். அதே பொருளில் ஒரு மனு நிலுவையில் இருக்கும்போது தனியாகச் சான்றை ஏற்க முடியாது என்றார். மனுவைத் திரும்பப் பெறவும் குழு கூட வேண்டும். குழு எப்போது கூடும் என்று தெரியாது. விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். நாற்காலி போட்டிருக்க மாட்டேன்.

லீக்கில் எங்கள் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வாரம். அந்த ஆட்டம் எங்கள் மைதானத்தில், எங்களுக்கும் சோழவந்தானுக்கும். டீக்கடையில் கிளாஸ் அடுக்கக்கூட யாருக்கும் மனசில்லை. மாப்பிள்ளை முட்டிப் பட்டையைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர்தான் கேட்டார்.

"சூப்பிரண்டு சார், ஒரு சந்தேகம். பேப்பரு வரலைன்னா, இவரு இப்ப யாரு ஆளு?"

"விதிப்படி சோழவந்தான் ஆள்தான்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். "அப்ப நான் அங்க ஆடலாம்ல?"

"ஆடினால் நம்ம மனு..."

"மனுவக் கொண்டுபோயி வைகையில விடுங்க சார்" என்றார் கடைக்காரர். பிறகு அவர் பக்கம் திரும்பி, "நீ போயி ஆடு மாப்ள. ஒண்ணு மட்டும், எங்க ரைட் சைடுல ரொம்ப ஏறி வராத."

அவர் ஏறி வந்தார். ஆட்டம் முழுக்க, அந்த முட்டியோடு, எங்கள் வலது பக்கத்தில்தான் ஏறி வந்தார். கோட்டோரம் ஒரு பாறையில் அவர் மனைவி, தெருப் பெண்கள் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பாதியில் எங்கள் தடுப்பாளர் ஒருவரை ஏமாற்றி, இடதுகாலால் தூரத்துப் போஸ்ட்டின் உள்பக்கம் பார்த்து அடித்தார். எங்கள் வலை அசைந்ததும் எங்கள் ஊரே எழுந்து கைதட்டியது. ஆட்டத்தின் ஒரே கோல் அது.

"கிறுக்குப் பயலுகளா, நமக்குக் கோலு விழுந்திருக்கு!" என்று கத்திய கடைக்காரரும் கைதட்டிக்கொண்டேதான் கத்தினார்.

ஆட்டம் முடிந்து போகும்போது மாப்பிள்ளையின் பூட்ஸ் இரண்டையும் நாடாவில் முடிந்து, அவர் மனைவி தன் தோளில் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை நொண்டியபடி கூட நடந்தார். அதற்குப் பிறகு அவர் ஆடவில்லை.

மறுநாள் காலை தபால்காரர் டீக்கடைக்கே வந்து என்னிடம் கையெழுத்து வாங்கினார். பதிவுத் தபால், மறுக்க எனக்குத் தெரியவில்லை. எனது மனு பதினான்காவது விதியின்படி ஏற்கப்படுவதாகவும், இந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களில் மேற்படி ஆட்டக்காரர் ஒத்தக்கடை அணிக்கு ஆடலாம் என்றும் குழு தெரிவித்திருந்தது. ஆட்டோக்காரர் வடையை எடுத்துக் கடித்தார். நான் பழக்கத்தை விட முடியாமல், கடிதத்தின் ஓரத்தில் பெற்ற தேதியைக் குறித்துவைத்தேன்: பங்குனி மூன்று, திங்கட்கிழமை.