நம்பிக்கை பத்தவில்லை என்று சொன்னவர்

சனிக்கிழமை மாலை மல்லாங்கிணற்றிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை போனில் அழைத்தார். "தங்கப்பாண்டி சார் போயிட்டாரு டீச்சர். நெஞ்சுவலி." எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அஞ்சலிக் கூட்டத்துக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். புகழ மட்டும் என்னால் முடியாது.

திருச்சுழிப் பக்கத்து நம் பள்ளியில் அவர் கணக்கு ஆசிரியர். பதினோரு வருடம் எனக்குப் பக்கத்து நாற்காலி. ஒல்லியான மனிதர், அரை கிலோ கூடியதாக வரலாறு கிடையாது. ஏதோ 'பாசிட்டிவ் எண்ணம்' பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தவர், எடை பார்க்கும் மெஷின் ஒன்றை ஆசிரியர் அறையில் கொண்டுவந்து வைத்தார். முதல் ஆளாக என்னை ஏறச் சொன்னார். "தொண்ணூத்தி ரெண்டு! டீச்சர், இது ஒடம்போட வெயிட்டு இல்ல, மனசோட வெயிட்டு" என்றார். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொன்னேன். "நெகட்டிவா பேசாதீக. தெனமும் கண்ணாடி முன்னால நின்னு, நான் மெலிஞ்சுக்கிட்டே வாரேன்னு சொல்லுங்க." வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரு மாதம் சொன்னேன். ஒரு கிலோ கூடியது. "ஒங்களுக்கு நம்பிக்க பத்தல டீச்சர்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. உடம்பு ஒன்றுதான் அதுவரை குற்றவாளி. அன்றிலிருந்து மனசும் சேர்ந்துகொண்டது. மதியச் சாப்பாட்டை விட்டேன். மூன்றாவது வாரம் எட்டாம் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் மயங்கி விழுந்தேன்.

அருப்புக்கோட்டையில் டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு மாத்திரையின் அளவைக் கூட்டினார். பட்டினி கிடக்காதீர்கள், அளவாகச் சாப்பிட்டு நடங்கள் என்றார். பாளையம்பட்டி ரோட்டில் தினமும் நடந்தேன். ஒரு வருடத்தில் எட்டு கிலோ இறங்கியது. அதைத் தங்கப்பாண்டி சார் காலை வழிபாட்டில் மைக் பிடித்து, "பாசிட்டிவ் எண்ணத்துக்குக் கெடச்ச வெற்றி" என்று அறிவித்தார். அதற்குப் பிறகு அவரோடு நான் பேசவில்லை.

துக்கத்துக்குப் போனபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "காலையிலயே நெஞ்ச அடைக்குதுன்னாக. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு கெஞ்சுனேன். நல்லதையே நெனைப்போம், தானா சரியாயிரும்னுட்டாக. மூணு மணி வரைக்கும் கண்ண மூடி உக்காந்திருந்தாக டீச்சர்."

அவருக்கு நம்பிக்கை பத்தாமல் போகவில்லை. வேண்டிய மட்டும் இருந்தது.

நான் மயங்கிய அன்று ஆட்டோ பிடித்து என்னை ஏற்றியவரும் அவர்தான். வழிநெடுக "வெரசாப் போப்பா, வெரசா" என்று டிரைவரை விரட்டினார். "டீச்சர், கண்ண மூடாதீக" என்று என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. நல்லதை நினையுங்கள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்காக அப்படிப் பயந்தார். அந்தப் பயத்தில் கால்வாசி தனக்காகப் பட்டிருந்தால் திங்கட்கிழமை பள்ளிக்கு வந்திருப்பார். நானும் பேசாமலே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த நடுங்கிய குரலை மட்டும்தான். மற்றதெல்லாம் அவரோடு போகட்டும்.