ரேஸ் டிராக்கில் உளுந்து அடித்த பஞ்சநதம்

பஞ்சநதத்தை எனக்குப் பிடிக்காது. வயதுக்கு மரியாதை கொடுத்து 'அவர்' என்று சொல்கிறேனே தவிர, மனதுக்குள் வேறு மாதிரிதான் வரும். அவர் வயல் வாய்க்காலின் தலைப்பில், என் குத்தகை நிலம் கடைமடையில். நடவு நேரத்தில் மடையை அடைத்து வைத்துக்கொண்டு, கேட்கப் போனால், "தண்ணி என்ன உன் மாமியா வீட்டு சீதனமா?" என்பார். மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்று சும்மாவா சொன்னார்கள்?

பஞ்சாயத்துத் தேர்தலில் இரண்டு தடவை தோற்றவர். மகன் மலேசியாவில் இருக்கிறான், போனில் கூட இருவருக்கும் சண்டைதான். மனைவி போன பிறகு தானே சமைத்து, தானே குறை சொல்லிச் சாப்பிடுகிற மனுஷன்.

திருவாரூருக்குத் தெற்கே எங்கள் ஊரில் ரேஸ் டிராக் வந்தபோது அவர் கத்தியதைப் போல யாரும் கத்தவில்லை. டிராக் போட்ட முதலாளி, சுற்றி இருந்த வயல்களை வாங்கினார். நடுவில் இருந்த, ஊரே கதிரடிக்கிற களமும் எப்படியோ அவர் பெயருக்கு மாறிவிட்டது. களத்தின் மேல் தார் போட்டார்கள். சிங்கப்பூரில் வேலை போய் வந்து நின்ற எனக்கு அங்கே வாட்ச்மேன் உத்தியோகம் கிடைத்தது. முதல் நாளே முதலாளி சொன்னார்: "தியாகேசன், டிராக்ல ஒரு வைக்கோல் கெடந்தாலும் அன்னிக்கே நீ வீட்டுக்குப் போயிடலாம்." வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள், எனக்கு வேறு போக்கிடமில்லை.

பஞ்சநதம் இதையெல்லாம் காதில் வாங்குகிற ஆளா? பங்குனியில் உளுந்து பறித்ததும் செடியைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து டிராக் வேலியோரம் அடுக்கினார். எங்கள் பக்கத்தில் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறியே அடித்துக் கொடுத்துவிடும். அவருக்கு டிராக்கின் மேல்தான் கண். "நல்லா வழவழன்னு போட்டிருக்கான்டா, ஒரு மணி கூட மண்ணுல போவாது," என்பார். நான் கம்பை எடுத்துக்கொண்டு விரட்டுவேன்.

அன்றைக்குச் சென்னையிலிருந்து மோட்டார் பத்திரிகைக்காரர்கள் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். அதற்கு அடியில் எலுமிச்சம்பழம் கூட நுழையாது. ஓட்டிப் பார்க்க ஒரு பையன், படமெடுக்க மதுவந்தி என்ற பெண். காலை முழுக்க அந்தக் கார் அலறிக்கொண்டு சுற்றியது. சடாரென்று பிரேக் போட்டுப் பார்ப்பதும் மறுபடி பறப்பதுமாக ஒரே அமர்க்களம். ரப்பர் கருகிய நாற்றம் வேறு.

வெயில் சாய்கிற நேரத்தில் மதுவந்தி வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"அண்ணா, அந்தச் செடியை டிராக்ல பரப்பச் சொல்லுங்க. கார் அதுல வந்தா தூசி பறக்கும், ஃபோட்டோ சூப்பரா இருக்கும்."

"வேணாம்மா. முதலாளி பாத்தா என் சீட்டைக் கிழிச்சிருவாரு."

"அவர்கிட்ட நான் பேசிக்கறேன். கேட்டைத் திறங்க."

திறந்தேன். பஞ்சநதத்துக்கு முகமெல்லாம் பல். வருஷத்து உளுந்து அத்தனையையும் கொண்டுவந்து கொட்டினார். "ஓட்டுப்பா, நல்லா ஏத்தி ஏத்தி ஓட்டு!" என்று காருக்கே கட்டளை போட்டார்.

கார் நாலைந்து முறை மெதுவாகப் போய் வந்தது. பிறகு மதுவந்தி அதைச் செடியின் மேலேயே நிறுத்தச் சொன்னாள். காலையிலிருந்து ஓடிக் கொதித்த வண்டி, அடியில் சிக்கிய சருகு. சும்மா இருக்குமா? புகை வந்தது, பின்னாலேயே தீ. ஓட்டிய பையன் குதித்து ஓடினான். நான் தீயணைக்கிற சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போய்க் காருக்கு அடித்தேன். பஞ்சநதம் செடி கிளறுகிற கவைக்கம்பாலும் கையாலும் எரிகிற செடியை அடியிலிருந்து இழுத்து வீசினார். கார் தப்பியது. காற்றடித்து, வீசிய நெருப்பு மிச்சச் செடியைப் பிடித்துக்கொண்டது. உளுந்து வெடித்து எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த நேரம் பார்த்து முதலாளி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"எவன்டா இங்க செடியப் போட்டது? கேட்டைத் தொறந்தது யாரு?"

நான் மதுவந்தியைப் பார்த்தேன். அவள் கேமராவுக்குள் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. அடிப்பாவி! மூன்று பிள்ளைகளும் கண் முன்னால் வந்து போனார்கள்.

"கேட்டு என்னத்துக்குங்க?" என்றார் பஞ்சநதம். "வேலியப் பிரிச்சிக்கிட்டு நான்தான் வந்தேன். இது எங்க களம். யாரக் கேக்கணும்?"

முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினார். போலீஸ் என்றார், கேஸ் என்றார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "இந்தாள வெளிய தள்ளிக் கேட்டைப் பூட்டு. இனிமே இந்தப் பக்கம் பாத்தேன், ரெண்டு பேரையும் தொலைச்சிருவேன்," என்றார்.

கேட் வரைக்கும் கூடவே போனேன். அவருடைய இரண்டு உள்ளங்கையும் வெந்து தோல் உரிந்திருந்தது. கவைக்கம்பைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"மாமா, எனக்காகவா அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"உனக்காகவா? போடா வெளக்கெண்ணெ!" என்று காறித் துப்பினார். "என் களத்துக்குள்ள போக நீ கேட்டைத் தொறந்துவிட்டதா என் வாயால எப்படிடா சொல்லுவேன்?"