கதிரை என்ற அட்டவணை

விசாரணை நாளன்று யசிந்தாவின் கோப்புறையில் அறுபத்தெட்டுத் தாள்கள் இருந்தன. எல்லாவற்றின் மூலையிலும் திகதி எழுதப்பட்டிருந்தது. அவள் புலம்பெயர்ந்து வந்த பரமட்டாவில், மருத்துவமனைகளுக்குச் சக்கர நாற்காலிகளும் கட்டில்களும் வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனமொன்றின் களஞ்சியத்தில் அவள் ஒன்பது வருடம் வேலை செய்திருந்தாள். எந்தப் பொருள் எந்த வார்டில் இருக்கிறது, எது திருத்தத்துக்குப் போனது என்று ஒருவருக்கும் தெரியாதிருந்த காலத்தில், நூலகக் கணினியில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே கற்று, இரண்டு குளிர்காலங்களின் சனிக்கிழமைகளை அதற்கே கொடுத்து, ஒரு தரவுத்தளம் செய்தாள்.

அலுவலகத்தில் இருந்த ஸ்ரீகாந்த், "ஒரு காப்பி குடுங்கக்கா, பாத்துட்டுத் தரேன்," என்று கேட்டபோது கொடுத்தாள். அதற்கான மின்னஞ்சல் பன்னிரண்டாவது தாள். ஏழு மாதத்தின் பின் தரவு ஒருங்கிணைப்பாளர் பதவி விளம்பரமானது. அந்தத் தரவுத்தளத்தைத் தானே உருவாக்கியதாக விண்ணப்பத்தில் எழுதிய ஸ்ரீகாந்துக்குப் பதவி தற்காலிகமாகக் கிடைத்தது. யசிந்தா முறைப்பாடு செய்தாள். பதவியை உறுதிப்படுத்துமுன் விசாரணைக்கு இருவரையும் அழைத்தார்கள்.

மனிதவள அதிகாரி மேசையில் ஒரு புது மடிக்கணினியை வைத்தாள். தரவுத்தளத்தின் இரு கோப்புகளையும், படிவம் ஒன்று, தரவு ஒன்று, இருவரும் திறந்து காட்டவேண்டும் என்றாள்.

முதலில் ஸ்ரீகாந்த். திரையில் அவன் வழக்கமாக அழுத்தித் திறக்கும் ஐகன் படம் இல்லை. கோப்பை நேராக அழுத்தினான். வெறும் படிவமும் ஒரு பிழைச் செய்தியும் வந்தன.

"சர்வர்ல ஏதோ பிரச்சினை," என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

யசிந்தா அந்தச் செய்தியை மூடினாள். முதலில் செயலியைத் திறந்தாள். புதிதாகத் தொடங்குவதை விட்டு, ஏற்கெனவே உள்ள புரொஜெக்டைத் திறப்பதைத் தெரிவுசெய்தாள். தரவு எங்கே என்று அது கேட்டபோது இரண்டாவது கோப்பைக் காட்டினாள். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பொருள்களும் வரிசையாக வந்து நின்றன. இடப்பக்கத்தில் அட்டவணைகளின் பெயர்கள், ஆங்கில எழுத்தில்: கதிரை, கட்டில், குசினி.

"தம்பி, உங்கட வீட்டில ஆர் கதிரை எண்டு சொல்லுறவை?"

"நாற்காலி, சேர், கதிரை, எல்லாம் ஒண்ணுதான்கா. எதுக்கு இவ்வளவு கோவம்? மேலிடத்துல உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசினேன்."

"எனக்காகவோ? என்னட்டக் கேக்காமலே? மன்னாரில பிறந்த ஆள்தான் அந்தப் பேரை வைக்கும். குசினி எண்டால் என்ன எண்டு சொல்லும் பாப்பம்."

அவன் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தான். என்ன பேசுகிறீர்கள் என்று அவள் கேட்க, கதிரை என்றால் நாற்காலி, குசினி என்றால் சமையலறை, இரண்டும் தன் ஊர்ச் சொற்கள் என்று யசிந்தா ஆங்கிலத்தில் விளக்கினாள்.

"அவை தமிழ்ச் சொற்களா?"

"ஆமாம்," என்றான் ஸ்ரீகாந்த்.

"நீங்களும் தமிழ் பேசுபவரா?"

"ஆமாம்."

இருவர் மொழியும் ஒன்று என்று அவள் எழுதிக்கொண்டாள். மன்னாரிலிருந்து அவனுடைய சென்னை எவ்வளவு தூரம் என்று அந்தப் படிவத்தில் எழுதுவதற்கு இடம் இருக்கவில்லை.

எழும்புமுன் அதிகாரி யசிந்தாவிடம் ஓர் உதவி கேட்டாள். திறக்கும் முறையை ஒரு தாளில் எழுதித் தரமுடியுமா? நாளைக்கு நோயாளிகள் வீட்டுக்குப் போகக் கதிரைகள் தேவை. யசிந்தா பதினொரு படிகளாக எழுதிக் கொடுத்தாள். தனக்கென்று ஒரு பிரதியும் கேட்டு வாங்கினாள்.

பதினேழாம் நாள் கடிதம் வந்தது. உருவாக்கியவர் யாரென்று நிறுவப் போதிய சான்று இல்லை. ஸ்ரீகாந்த் பதவியில் உறுதிசெய்யப்பட்டார். கோப்பைத் திறப்பதற்கான வழிகாட்டி ஊழியர்களுக்காக இணைக்கப்பட்டுள்ளது. வழிகாட்டியின் கீழே, தயாரித்தவர் ஸ்ரீகாந்த் என்றிருந்தது. அவள் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டாள். பதினொரு படியிலும் ஒரு சொல்கூட மாறவில்லை. கிடைத்த திகதியை எழுதிக் கோப்புறையில் போட்டாள்.

மறுநாள் காலை ஆறரைக்குக் களஞ்சியத்தில் அவளுக்கான வேலைப்பட்டியல் அச்சாகி வந்தது. அவள் அமைத்த எழுத்துரு, அவள் வகுத்த வரிசை, மேலே ஸ்ரீகாந்தின் பெயர். கழுவவேண்டிய கதிரைகள் பத்தொன்பது. குழாயைத் திறந்து முதலாவதை இழுத்தாள்.