செருப்புக்கால் கிட்டார்காரன்

கிட்டார்காரனுக்குத் தாளம் தப்பினா கூட்டம் சிரிக்கும், எர்த்து தப்பினா குடும்பம் அழும். இதைப் படிக்கிறவங்கள்ல யாராவது அந்தக் காலத்து எலக்ட்ரிக் கிட்டாரைத் தொட்டவங்களா இருந்தா, இந்நேரம் ஷாக் வாங்குன வலது கையைத் தொடையில தேய்ச்சுக்கிட்டிருப்பீங்க. நானும் உங்க கட்சிதான். அறுபதுகள்ல கடலூருலயும் சிதம்பரத்துலயும் கல்யாணம், காதுகுத்து, காலேஜ் விழான்னு எங்க லைட் மியூசிக் பார்ட்டி ஏறாத மேடை இல்ல. "கோவிந்துக்கு மேடைக் கூச்சமே கெடையாது"ன்னு ஊர்ல பேரு. கூச்சத்துக்கு எடம் ஏதுங்க? பயம்தான் மொத்த எடத்தையும் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சே!

பினாங்கு சரக்கு

முதுநகர் ஜமால்தான் எனக்குக் கூட்டாளி. அவனோட மாமா பினாங்குல கடை வச்சிருந்தாரு. ஒரு தடவை ஊருக்கு வந்தவரு செண்டு, சோப்பு, கைலியோட ஒரு எலக்ட்ரிக் கிட்டாரையும் கொண்டாந்து எறக்கிட்டாரு. செவப்பு உடம்பு, ஆறும் உலோகக் கம்பி. அதுல எனக்குத்தான் வெரல் ஓடுச்சு. ஜமால் சாதா மரக் கிட்டாரை வச்சுக்கிட்டு ரிதம் போடுவான். ஆனா கிட்டார் வந்துச்சே தவிர ஆம்ப்ளிபயர் வரல. அது இல்லாம மீட்டினா கொசு பாடுற மாதிரி இருக்கும், பக்கத்துல இருக்கிறவனுக்கே கேக்காது.

ஜமாலுக்கு ரேடியோ ரிப்பேர் அத்துப்படி. பழைய ரேடியோக்கள்லேர்ந்து வால்வைப் புடுங்கி, ஒரு தகரப் பொட்டியில அடைச்சு, அவனே ஆம்ப்ளிபயர் கட்டிட்டான். அங்கதான் வந்துச்சு வினை. அதுக்கு ரெண்டு முள்ளு பிளக்கு. ஒரு பக்கமா சொருவினா பரம சாது. திருப்பிச் சொருவிட்டா தகரப் பொட்டி முழுக்க கரண்டு, அங்கேர்ந்து ஒயர் வழியா என் கம்பியிலயும் கரண்டு. எந்தப் பக்கம் சரிங்கிறது அந்தந்த வூட்டு ஒயரிங்கைப் பொறுத்தது. போற எடத்துல எல்லாம் ஜமால் டெஸ்டர் வச்சுப் பாத்து, சரியான பக்கமா சொருவி, பிளக்குலயும் செவுத்துலயும் சேர்ந்தாப்பல ஒரு சாக்கட்டிக் கோடு போட்டுடுவான். கோடு நேரா இருந்தா உசுருக்கு உத்தரவாதம்.

நான் கோட்டையும் நம்பல. வாசிக்கிறதுக்கு முன்னால புறங்கையால கம்பியைத் தொட்டுப் பாப்பேன். உள்ளங்கையால தொட்டு ஷாக் அடிச்சா வெரல் மடங்கி அதையே புடிச்சுக்கும், விடாது. புறங்கைன்னா ஒதறிக்கிட்டு வந்துடும். நான் ஏதோ கிட்டாரைத் தொட்டுக் கும்பிடுறேன்னு நெனச்சு முன்வரிசையில இருக்கிறவங்களும் கன்னத்துல போட்டுக்குவாங்க. ஒரு நாள் பொறுக்க மாட்டாம, "ஏண்டா, இத்த ஒழுங்கா கட்டித் தொலைக்கக் கூடாதா?"ன்னு ஜமாலைக் கேட்டுட்டேன். பயல் அசரவே இல்ல. "டிரான்ஸ்பார்மர் போட்டா பயம் போயிடும் மச்சான், ஆனா பொட்டி கனம் ஜாஸ்தியாயிடும். நீ பயப்படுற வேலையப் பாரு, நான் தூக்குற வேலையப் பாத்துக்கிறேன்."

ஒதட்டுல வச்ச சூடு

சிதம்பரத்துல ஒரு கல்யாண ரிசப்ஷன். கம்பியைப் புறங்கையால தொட்டேன், சாதுவாத்தான் இருந்துச்சு. ஆனா பாட்டுக்காரர் பாடுற மைக்கு வேற ஆளோட மைக் செட். பாட்டுக்காரர் அதைத் தொடாமதான் பாடுவாரு, அந்த மைக்குல கரண்டு இருக்குமேன்னு யாரு யோசிச்சா? பாட்டுக்கு நடுவுல நான் ஒரு ஹம்மிங் குடுக்கணும். ரெண்டு கையும் கம்பியில இருக்க, மைக்குக்குப் பக்கத்துல வாயைக் கொண்டு போனேன். ஒதடு பட்டுதோ இல்லியோ, பளீர்னு மூஞ்சியில யாரோ அறைஞ்ச மாதிரி! கண்ணுக்குள்ள மின்னல் அடிச்சுது. "ஐயோ அம்மா"ன்னு அலறிக்கிட்டு ரெண்டடி பின்னால போய் தபேலா மேல ஒக்காந்துட்டேன்.

பாட்டு நிக்கல. வீங்குன ஒதட்டோட மிச்சப் பாட்டை வாசிச்சேன். செத்துப் போயிருந்தாக்கூட ஒரு பயலுக்கும் தெரிஞ்சிருக்காதுன்னு நெனச்சப்ப அழுகையே வந்துடுச்சு. முடிஞ்சதும் மாப்பிள்ளையோட சித்தப்பா ஒருத்தர் சந்தனத்தைத் தடவிக்கிட்டே மேடைக்கு வந்தாரு. ஷாக் அடிச்சுதான்னு கேக்கத்தான் வர்றாருன்னு பாத்தா, "தம்பி, நடுவுல ஒரு கத்து கத்துனீங்களே, அத்த மட்டும் இன்னொரு வாட்டி கத்துங்க. பொண்ணு வூட்டுக்காரங்க பந்தியில இருந்துட்டாங்க, கேக்கல."

கிழிஞ்ச ஸ்பீக்கர்

எங்களுக்குக் குருன்னு யாரும் இல்ல. ரேடியோவுல எப்பவாச்சும் இங்கிலீஷ் பாட்டு வரும். ஜமால் வூட்டு ரேடியோவுல காதை ஒட்ட வச்சுக்கிட்டு, கிட்டார் வர்ற எடத்தை மட்டும் மனசுல ஏத்திக்கிட்டு வருவோம். அதுல சில பேரோட கிட்டார் உறுமும். அது எப்படின்னு ரெண்டு பேரும் மண்டையை ஒடைச்சுக்கிட்டோம். விடையைச் சொன்னது ஒரு எலி. எங்க ஸ்பீக்கர் காயிதத்தை அது கடிச்சு வச்சிருந்துச்சு. காலேஜ் விழாவுல வாசிக்க ஆரம்பிச்சதும் கர்ர்ருன்னு ஒரு உறுமல். நான் பொட்டிதான் வெடிக்குதுன்னு ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டேன். பசங்களோ பெஞ்சு மேல ஏறிட்டானுங்க.

அந்த உறுமல் நல்லா வரணும்னா வால்யூமை முழுசா திருப்பணும். திருப்பினா வால்வெல்லாம் செவந்துடும், தகரப் பொட்டி தோசைக்கல்லா கொதிக்கும், கருகல் வாசனை வரும். எந்த நிமிஷம் வெடிக்குமோன்னு ஒரு கண்ணு பொட்டி மேலயே இருக்கும். அடுத்த வருஷ விழாவுக்கு ஸ்பீக்கரை ஒட்டிச் சரி பண்ணி எடுத்துக்கிட்டுப் போனோம். ஒரு பாட்டுதான் ஆச்சு, ஒரு மாணவர் மொகத்தைச் சுளிச்சுக்கிட்டு வந்து நின்னாரு. "நல்ல சத்தமெல்லாம் எங்க வூட்டு ரேடியோவுலயே வருது சார். அந்தக் கெட்ட சத்தத்தைக் கொண்டாங்க."

வூட்டு உத்தரவு

அந்த மழைக்காலத்துல ஒரு சேதி வந்துச்சு. திட்டக்குடி பக்கம் ஒரு மைக் செட்காரர், ஈரத் தரையில வெறுங்காலோட நின்னுக்கிட்டு ஒயரைத் தொட்டவரு, அப்படியே போயிட்டாரு. சின்ன வயசு. எங்க கூடப் பல கல்யாணத்துல சாப்பிட்டவரு. கேட்டதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. கிட்டாரைப் பாத்தாலே உள்ளங்கை வேர்த்துடும். விட்டுடலாம்னு பாத்தா, வேற எந்தத் தொழிலும் எனக்குத் தெரியாது.

என் சம்சாரம் செல்வி அப்ப மாசமா இருந்தா. சேதி அவ காதுக்கும் போயிடுச்சு. நேரா கடைத்தெருவுக்குப் போயி ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிட்டு வந்து என் கால்கிட்ட வச்சா. தடி ரப்பர், நீல வாரு. கோட்டு சூட்டுக்குக் கீழ இத்தப் போட்டா ஜனங்க சிரிப்பாங்களேன்னு இழுத்தேன். மேடையில செருப்புப் போடுறதே தப்பு, எவனாவது கழட்டச் சொல்லுவான்னும் சொன்னேன். அவ கண்ணுல தண்ணி நின்னுச்சு, கொரல்ல மட்டும் நடுக்கம் இல்ல. "மேடையில செருப்பக் கழட்டச் சொல்றவன, மொதல்ல என் தாலியக் கழட்டச் சொல்லிட்டு அப்புறமா அத்தச் சொல்லச் சொல்லுங்க."

கிள்ளையில ஒரு கல்யாணம்

சிதம்பரம் பக்கத்துல கிள்ளை, ஐப்பசி முகூர்த்தம். காலையில ஊத்துன மழையில பந்தல் தரை சொதசொதன்னு கெடந்துச்சு. மேடையே கெடையாது, மணவறைக்குப் பக்கத்துல ஈரத் தரையில ஒரு பாயை விரிச்சு, இதான் எடம்னுட்டாங்க. பாயும் நனைஞ்சுதான் இருந்துச்சு. நான் ரப்பர் செருப்போட கிட்டாரை மாட்டிக்கிட்டு நின்னேன். பொண்ணோட தாய்மாமன் வந்து, "தம்பி, மணவறைப் பக்கத்துல செருப்பா? கழட்டுங்க"ன்னாரு. செல்வி சொன்ன வசனம் தொண்டை வரைக்கும் வந்துச்சு. கல்யாண வூட்ல அத்த எப்படிங்க வாயால சொல்றது? முழுங்கிட்டேன். "மாமா, ஒரு மணைப்பலகை குடுங்க, அது மேல நின்னு வாசிக்கிறேன்"னு கெஞ்சினேன். காஞ்ச பலகை கரண்டைக் கடத்தாது. ஏதோ வேண்டுதல்னு நெனச்சு அவரும் குடுத்துட்டாரு. கழட்டுன செருப்பை வெளிய விட்டா கல்யாண வூட்ல எவனாவது மாட்டிக்கிட்டுப் போயிடுவான். அதனால கோட்டுக்கு உள்ள, முதுகுப் பக்கம் இடுப்புல சொருவிக்கிட்டேன்.

பாதிக் கச்சேரியில பந்திக்கு எழுந்துட்டோம். திரும்பி வந்து பலகை மேல ஏறி வாசிச்சேன், எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. புறங்கையால தொட்டுக்கூடப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. பலகை மேல நிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? உறுமல் ஜாஸ்தியா இருக்குன்னு யாரோ சொல்ல, நாற்காலியில ஒக்காந்து ரிதம் போட்டுக்கிட்டிருந்த ஜமால் வெறுங்காலோட பாய்க்கு எறங்கி, வால்யூமைக் கொறைக்கத் தகரப் பொட்டியை ஒரு கையால புடிச்சான். புடிச்சவன் புடிச்சவன்தான். பல்லு கிட்டிப் போச்சு, கண்ணு மேல சொருவிடுச்சு, கையி பொட்டியை விட்டு வரல. ஜனங்க பாட்டுக்கு ஆடுறான்னு கைத்தட்டுறாங்க! பிளக்கோ வூட்டுக்குள்ள, ஜன்னலுக்கு அந்தப்புறம். ஓடிப் போய்ப் புடுங்குறதுக்குள்ள அவன் உசுரு தங்காது. அவனைத் தொட்டா நானும் காலி. திட்டக்குடிக்காரர் மொகம் கண்ணு முன்னால வந்துச்சு. செல்வியும் அவ வயித்துப் புள்ளையும் வந்தாங்க. கால் பலகையை விட்டு எறங்க மாட்டேங்குது. அந்தப் பயத்தை நான் எந்த எதிரிக்கும் வேண்ட மாட்டேன்.

எப்படி எறங்கினேன்னு தெரியல. பலகை மேல நின்னபடியே கிட்டாரைக் கழட்டி வீசிட்டு, முதுகுலேர்ந்து செருப்பை உருவி, ஜமால் மணிக்கட்டுல ஓங்கிப் போட்டேன். விடல. பேய் மாதிரி மாத்தி மாத்திப் போட்டேன், ஒரு அடி தவறி கன்னத்துலயும் விழுந்துச்சு. கையி விட்டுது, ஜமால் பாயில சாய்ஞ்சான். பந்தலே கொதிச்சுப் போச்சு. "மணவறை முன்னால செருப்படியா? புடிங்கடா அவன!"னு சத்தம். ரெண்டு பேரு என் கோட்டைப் புடிச்சுத் தூக்கிட்டாங்க. "பொட்டியத் தொடாதீங்க, கரண்டு, கரண்டு!"ன்னு நான் கத்துறேன், எவன் கேக்கறான்? தாய்மாமன் மட்டும் உள்ள ஓடிப் பிளக்கைப் புடுங்கிட்டு வந்தாரு. அப்புறம்தான் தெரிஞ்சுது: நாங்க பந்தியில இருந்தப்ப, மாப்பிள்ளைக்குப் புழுக்கமா இருக்குன்னு எங்க பிளக்கைக் கழட்டிட்டு டேபிள் ஃபேனைச் சொருவியிருக்காங்க. திரும்ப மாட்டும்போது பிளக்கு தலைகீழாயி, சாக்கட்டிக் கோடு கீழ போயிடுச்சு.

ஜமால் வாயில சோடாவை ஊத்தினாங்க. மூச்சு வந்துச்சு. நான் அவன் காலைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதேன், வெக்கமெல்லாம் பாக்கல. அவன் மெதுவா கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தான், அப்புறம் சேத்துல கழுத்து ஒடிஞ்சு கெடந்த பினாங்குக் கிட்டாரைப் பாத்தான். "அடிச்சதுதான் அடிச்ச மச்சான், கிட்டார மெதுவா வச்சுட்டு வந்து அடிச்சிருக்கக் கூடாதா?"

விருந்து

அவன் உள்ளங்கையில தழும்பு நின்னு போச்சு. கிட்டார் கழுத்தை ஒட்ட வச்சுக்கிட்டோம். ஆம்ப்ளிபயருக்கு டிரான்ஸ்பார்மர் போட்டான், கனத்தை ரெண்டு பேருமா சேந்து தூக்கினோம். ஆனா, நான் ஜமாலைச் செருப்பால அடிச்ச சேதி மட்டும் அவன் தேறின சேதிக்கு முன்னாலயே முதுநகர் போய்ச் சேந்துடுச்சு. தெருவுல எவனும் என் மொகத்தைப் பாக்கல. நோன்புப் பெருநாள் அன்னிக்கு வூட்டோட ஒளிஞ்சுக்கிட்டிருந்தேன். ஜமால் சம்சாரமே தேடிக்கிட்டு வந்துட்டாங்க. செல்வி மடியில இருந்த புள்ளையைத் தூக்கி வச்சுக்கிட்டு, தெருவே கேக்குற மாதிரி சொன்னாங்க: "எங்க வூட்டு ஆள செருப்பால அடிச்சவருக்கு எலை போட்டு வச்சிருக்கேன் அண்ணே, சோறு ஆறுது, வாங்க!"

ஊரெல்லாம் கைத்தட்டுன வெரலுக்கு மாலையோட சரி, ஊரே காறித் துப்புன அந்தச் செருப்புக்குத்தான் இன்னி வரைக்கும் பெருநாளுக்குப் பெருநாள் விருந்து.