யோகு அண்ணனின் ஒற்றைக் கோடு

ஒரு கூட்டம் ஆம்பிளைகளுக்கு முன்னால் நின்று, சிரிக்காமல், முகம் சிவக்காமல், ‘நாளைக்குக் காலையில எல்லாரும் இந்தக் கப்பில சலம் பெய்து தர வேணும்’ என்று சொல்ல வேண்டும். நீங்களென்றால் எப்படிச் சொல்வீர்கள்?

போன மாதம் எனக்கு அந்தக் கண்டம் வந்தது. படித்த படிப்பையெல்லாம் திரட்டி, மரியாதையாகச் சொன்னேன்.

“எல்லாரும் சிறுநீர் மாதிரி தர வேணும்.”

ரோலர் ஓட்டும் தவராசா கையைத் தூக்கினார்.

“சிறுநீர் மாதிரி எண்டா... சிறுநீர் இல்லையா மிஸ்? அது மாதிரி வேற ஒண்டா? எங்கட கன்டீன் தேத்தண்ணி சரிவருமா?”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கன்டீன்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும் — எழுதுவது எனக்குக் கிழமைக்கு ஒரு நாள் தொழில். மற்ற நாட்களில் மாங்கேணியில் ரோட்டு வேலை செய்யும் வெளிநாட்டுக் கொம்பனியில் மொழிபெயர்ப்பாளர். சண்டை முடிந்த கையோடு வாகரைப் பக்கம் ரோட்டைத் திருத்தத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் சைட்டுக்குப் பொறுப்பு ஹென்றி. நியூசிலாந்துக்காரர். நல்ல மனுசன்தான், ஆனால் சட்டம் என்றால் சட்டம். தலைமையகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது: மெசின் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் போதைப்பொருள் டெஸ்ட்.

கப்போடு கொழும்பிலிருந்து வந்தவர் ரமணன். கழுத்தில் டை. அந்த வெயிலில்!

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு என்னென்ன கொண்டுவந்தார்கள், நினைவிருக்கிறதா? தண்ணீர் வடிகட்டி, கூடாரம், கடலில் இறக்கினால் ஒரு பக்கமாகவே ஓடுகிற தோணி, மனசை ஆற்ற ஒரு நாள் வகுப்பு. சண்டை முடிந்ததும் அடுத்த கூட்டம் வந்தது — போன் டவர், லீசிங், இன்சூரன்ஸ்... கடைசியாகக் கப்.

“மிஸ், இது வெறும் கப் இல்லை. எதிர்காலம்” என்றார் ரமணன்.

லெப்டொப்பைத் திறந்து ஒரு படம் காட்டினார். அதில் நம்பர் ஒன்றும் இல்லை. ஓர் அம்பு மட்டும் கூரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

“முந்தி லேபுக்கு அனுப்பிப்போட்டுக் காத்திருக்கோணும். இப்ப சைட்டிலேயே ரிசல்ட். இனிப் பாருங்க, பஸ் டிரைவர், ஹோட்டல் குக், செக்கியூரிட்டி, எல்லாருக்கும் வரும். அடுத்தது எச்சில் டெஸ்ட். அதுக்கடுத்தது தலைமயிர்.”

“மொட்டை அடிச்சவன் வந்தா?”

“கையில மயிர் இருக்குதானே மிஸ்.”

சும்மா சொல்லக்கூடாது, தொழிலில் மனுசன் கெட்டி.

மறுநாள் காலை நீலத் தார்ப்பாய்ப் படங்கால் ஒரு மறைப்புக் கட்டினார்கள். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சிலருக்கு உடனே வந்தது. சிலர் இளநீருக்கு மேல் இளநீராகக் குடித்துவிட்டு, மறைப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

கப்பின் பக்கவாட்டில் ஒவ்வொரு போதைப்பொருளுக்கும் ஒரு பட்டி இருக்கிறது. பட்டியில் இரண்டு கோடு வந்தால் ஆள் சுத்தம். ஒன்று மட்டும் வந்தால் சிக்கல். இதை நான் விளக்கி முடித்ததுதான் தாமதம் — தவராசா தலையில் கை வைத்தார்.

“என்ட மனிசிக்கு ரெண்டு கோடு வந்துதான் மூணாவது புள்ள பிறந்த. இப்ப எனக்கும் ரெண்டு கோடா மிஸ்?”

அதன் பிறகு யாரையும் கட்டுப்படுத்த முடியவில்லை. கப்போடு வெளியே வந்தவனுக்கெல்லாம் கைகுலுக்கல். “எத்தினை மாசம் மச்சான்?” “மாங்காய் ஏதும் வேணுமா?” ஹென்றி என்னைப் பார்த்து, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டார். வேலையில் மிகவும் திருப்தியாக இருக்கிறார்கள் என்று மொழிபெயர்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தவராசா முதல்நாள் ஒரு கலியாண வீட்டில் கசிப்புச் சாராயத்தில் நன்றாக நனைந்துவிட்டு வந்திருந்தார். எட்ட நின்றாலே மணத்தது. ஆனால் கப்பில்? அழகான இரண்டிரண்டு கோடுகள்!

“அல்கஹோல் இதில இல்லை மிஸ்,” என்றார் ரமணன், குரலைத் தாழ்த்தி. “அது வேற புரொடக்ட்.”

கடைசி ஆட்களில் ஒருவராக யோகு அண்ணன் போனார். முழுப்பெயர் யோகேந்திரன். மண் அள்ளும் பெக்கோ மெசின் ஓட்டுகிறவர். வாகரை ஆள். முன்பு கடல் தொழில். தோணியைச் சுனாமி கொண்டுபோனது. இடிந்த வீடுகளை அள்ள வந்த பெக்கோவில் உதவிக்கு நின்று நின்றே ஓட்டப் பழகினார். பிறகு சண்டை வந்து, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு முகாம் முகாமாய் அலைந்து, திரும்பி வந்து, கிடைத்த முதல் நிரந்தர வேலை இது. சாராயம் இல்லை, பீடி இல்லை. கலியாண வீட்டில் சோடா குடிக்கிற மனுசன்.

யோகு அண்ணனின் கப்பில் ஒரு பட்டியில் ஒற்றைக் கோடு.

ரமணன் கப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குலுக்கினார். திரும்பவும் பார்த்தார். ஒற்றைக் கோடுதான்.

“எனக்குப் புள்ள இல்லையாம்” என்று யோகு அண்ணன் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஹென்றி சிரிக்கவில்லை. அவர் சொன்னதை நான் சொல்ல வேண்டியிருந்தது: கொழும்பு லேபிலிருந்து முடிவு வரும்வரை நீங்கள் சைட்டுக்குள் நிற்க முடியாது. இப்போதே போக வேண்டும்.

“ஏன் மிஸ்? நான் என்ன செய்த?”

அபின் வகை ஏதோ காட்டுகிறது என்றேன். ‘அபின் வகை’ என்றுதான் சொன்னேன். ஆனால் அது அந்தக் கூட்டத்தின் காதுகளுக்குள் போய், மறுபக்கத்தால் வெளியே வரும்போது ‘தூள்’ — அதாவது ஹெரோயின் — ஆகிவிட்டது. அந்த மொழிபெயர்ப்பு என்னுடையதல்ல.

யோகு அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றி பெக்கோவின் சீற்றில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அவர் வீடு போய்ச் சேர முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. சந்தியில் கடை வைத்திருக்கும் பெண், வழக்கமாய்க் கூப்பிட்டுக் கதைப்பவர், அன்றைக்கு உள்ளே திரும்பி அரிசி புடைத்தாராம்.

அடுத்த நாள் காலை. ஹென்றி, ரமணன், நான் மூவரும் ஒபிஸில் இருக்கிறோம். கதவு படாரென்று திறந்தது. யோகு அண்ணனின் மனைவி மலர் அக்கா. கையில் ஒரு பெரிய ஷொப்பிங் பை.

“ஆரு மிஸ் என்ட மனிசன் தூள் அடிக்கிற எண்டு சொன்ன?”

நான் வாயைத் திறக்க முன்பே பையை மேசையில் கவிழ்த்தார்.

“எங்கட வீட்டில இரிக்கிற தூளெல்லாம் இதுதான். இந்தா மிளகாய்த்தூள். இது மல்லித்தூள். இது மஞ்சள்தூள். எது எண்டு காட்டச் சொல்லுங்க!”

ரமணனின் லெப்டொப் மேல் மஞ்சள் படிந்தது. தும்மல் வேறு.

“அவருக்கு நான் குடுக்கிற மருந்தும் இரிக்கு. இது தலையிடிக் குளிசை. இது கால் நோவுக்குப் பூசுற தைலம். இது இருமலுக்கு டவுன் டொக்டர் துண்டு எழுதித் தந்த பாணி மருந்து. உங்கட ரோட்டுத் தூசியாலதான் அந்த மனிசன் ராவிருட்டா இருமுற. மருந்து எடுத்தாலும் குற்றமா?”

எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். நடுவில் ஹென்றியின் பரம்பரையைப் பற்றி வந்த இரண்டு வசனங்களை மட்டும் விட்டுவிட்டேன். அது கொம்பனிக்குத் தேவையில்லாத தகவல்.

மிளகாய்த்தூளின் நெடி ஏறி ஹென்றிக்கு இருமல் வந்துவிட்டது. மனுசன் கண்ணில் நீர் முட்ட, மேசை லாச்சியை இழுத்து, ஒரு மண்ணிறப் போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து...

“மிஸ்!” மலர் அக்கா கத்தினார். “அதுவும் இதுதான்! அதே போத்தல்!”

இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். ஒரே டவுன் பார்மசி. ஒரே லேபல். ஹென்றி லேபலைப் படித்தார். பிறகு ரமணனைப் பார்த்தார். இந்த மருந்து கப்பில் காட்டுமா என்று கேட்டார்.

“தியரிட்டிக்கலி...” என்று தொடங்கினார் ரமணன். டை கொஞ்சம் இறுக்கிவிட்டது போலிருந்தது. “சில இருமல் மருந்தில கோடீன் இருக்கு. அதுவும் அந்தக் குடும்பம்தான். ஆனா ஸ்கிரீனிங்க்தானே சேர்...”

ஹென்றி எழும்பிப் பெட்டியிலிருந்து ஒரு கப்பை எடுத்தார்.

“சேர், மனேஜ்மென்ட் இந்தப் பக்கேஜில இல்லை!”

ஹென்றி நீலப் படங்குக்குள் போய்விட்டார். திரும்பி வந்து கப்பை மேசையில் வைத்தார். நாலு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். மலர் அக்காவுக்குக் கோட்டுக் கணக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

அதே பட்டி. ஒற்றைக் கோடு.

“அப்ப இவரும் வீட்ட போக வேணும்தானே?” என்றார் மலர் அக்கா, மிகவும் அமைதியாக.

அதை ஓர் எழுத்து விடாமல் மொழிபெயர்த்தேன்.

இங்கேதான் அந்த மனுசன் எனக்குப் பிடித்துப்போனார். ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். ஜீப் சாவியை வைத்தார். நடந்து கேற்றுக்கு வெளியே போனார். அங்கே வேப்பமரத்தடியில், மனைவியை ஏற்றிவந்த சைக்கிளோடு, உள்ளே வர அனுமதியில்லாமல் யோகு அண்ணன் குந்தியிருந்தார். ஹென்றி போய்ப் பக்கத்தில் குந்தினார்.

ஒருவருடைய மொழி மற்றவருக்குத் தெரியாது. ஒருவர் இருமினார். மற்றவர் இருமினார்.

பிறகு ஹென்றி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். தான் மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். யோகு அண்ணன் மண்ணில் ஒரு குச்சியால் கீறிக்கொண்டிருந்தார்.

“அது பரவாயில்ல மிஸ். நேத்து மகள் ரியூசனால அழுதுகொண்டு வந்தவ. ‘தூள்காரன்ட மகள்’ எண்டாங்களாம். இனிப் போகமாட்டன் எண்டு படுத்திரிக்கா. தோணி போன நேரம் நான் அழயில்ல. நேத்து அழுத. இத இவரால திருப்பி எடுக்க ஏலுமா எண்டு கேளுங்க.”

கேட்டேன். ஹென்றி எழும்பி, தன் கப்பையும் கொழும்பு லேபுக்கு அனுப்பச் சொன்னார். முடிவு வரும்வரை அவரும் சைட்டுக்குள் வரவேயில்லை. பெக்கோவும் ஓடவில்லை. தவராசாவின் ரோலர் மட்டும் அமோகமாக ஓடியது.

அந்தக் கிழமை முடிவதற்குள் லேப் முடிவு வந்தது. இருவருக்கும் இருமல் மருந்து, வேறொன்றும் இல்லை. இனிமேல் லேப் சொல்லும்வரை யாரையும் வெளியே அனுப்பக்கூடாது, குடிக்கிற மருந்தை முதலிலேயே கேட்க வேண்டும் என்று ஹென்றி விதியை மாற்றினார். யோகு அண்ணனைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். எல்லாம் சுபம் என்று நினைத்தீர்களா?

மலர் அக்கா விடவில்லை.

“ஒபிஸுக்குள்ள சொன்னா ஒபிஸுக்குத்தான் தெரியும். சந்தியில வந்து சொல்லச் சொல்லுங்க.”

பின்னேரம் யோகு அண்ணனையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் போனோம். வழி முழுக்க ஹென்றி ஒரு தமிழ் வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டே வந்தார். சந்திக் கடை முன்னால் இறங்கினார். வெள்ளைக்காரரைக் கண்டதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. யோகு அண்ணனின் தோளில் கை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, உரத்துச் சொன்னார்.

“யோகு அண்ணன் நல்லவர். தூள் இல்லை. இருமல் மருந்து. நானும் குடிச்ச!”

கடைக்காரப் பெண்தான் முதலில் சிரித்தார். பிறகு சந்தியே சிரித்தது. யாரும் கேட்காமலே இரண்டு பேருக்கும் பிளேன்டீ வந்தது. மகள் மலர் அக்காவின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அடுத்த நாள் ரியூசனுக்குப் போனாள் என்று யோகு அண்ணன் சொன்னார்.

ரமணன்? அவர் அசரவில்லை. மஞ்சள் கறையோடு லெப்டொப்பைத் திறந்தார். “இது பிரச்சினை இல்லை மிஸ், புது மார்க்கெட். ரெண்டாவது டெஸ்ட், டொக்டர் ஆலோசனை, எல்லாம் சேர்த்து ஒரு பக்கேஜ்.” ஹென்றி கையெழுத்தும் வைத்துவிட்டார். கப் தவறினால் கப்புக்கு மேல் இன்னொரு டெஸ்ட். தவறுவதாலேயே வளருகிற தொழில் உலகத்தில் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்! ஜோசியத்துக்கு அடுத்தபடியாக இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் சந்தியில் ஹென்றி பேசிய பேச்சில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. கூட்டத்துக்கு அதில் விளங்கியது ஒன்றே ஒன்றுதான் — டவுனில் ஒரு மருந்து விற்கிறார்கள், அதைக் குடித்தால் கப்பே தூள் என்று சொல்லுகிற அளவுக்கு ஏறுமாம், வெள்ளைக்காரரும் அதைத்தான் குடிக்கிறாராம்.

இந்தக் கிழமை எனக்கும் தடிமன். டவுன் டொக்டரிடம் போனேன். வெளியே நோயாளிகள் குந்துகிற வாங்கு நிறைய எங்கள் பக்கத்து ஆம்பிளைகள். தவராசா முன்வரிசையில். என்னைக் கண்டதும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இருமல் எழும்பியது.

டொக்டர் களைத்துப்போயிருந்தார். “என்ன மிஸ், உங்கட ரோட்டில தூசி கூடிட்டா? வாறவனெல்லாம் இருமுறான்.”

ரோட்டுக்குத் தார் போட்டாயிற்று என்பதை நான் ஏன் சொல்லப்போகிறேன்?