லெஸ்டர் ஜாவட்ஸ்கிக்குக் குறைந்த ஒரு நாள்

1970 ஏப்ரல் 14: பஃபலோ பேஸ்பால் குழுவில் சேர்ப்பு. ஊதியம் 10,000 டாலர்.
1979 செப்டம்பர் 30: பருவ முடிவு. 58 வெற்றி, 104 தோல்வி. ஊதியம் 1,45,000 டாலர்.
1979 நவம்பர் 26: மொத்தச் சேவை 9 ஆண்டு, 171 நாள். (172 நாள் ஓர் ஆண்டு.)

நூற்று நான்கு தோல்விக்குப் பிறகு குழுவைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வந்த, பந்து வீசும் நல்ல பிட்ச்சர்களை வாங்கப் பணம் தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். மிச்சமிருந்த வழி, இருப்பவர்களைக் கொடுத்து மாற்றுவது. கொடுத்தால் எதையாவது பெற்றுத்தரக்கூடிய ஆள் ஃபர்ஸ்ட் பேஸில் நின்று ஆடும் லெஸ்டர் ஜாவட்ஸ்கி ஒருவர்தான்.

குழு மேலாளர் ஹால்டேன் அவரை அழைத்து, நாற்காலியில் உட்காருமுன்பே விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"உன்னைக் குடுத்தா மேற்குக் கடற்கரைக் குழுக்காரங்க மூணு பசங்களத் தர்றாங்க, லெஸ். ரெண்டு பிட்ச்சர், ஒரு ஷார்ட்ஸ்டாப்."

"பத்து வருஷம் ஆடினவன் நான். என் கையெழுத்து இல்லாம மாத்த முடியாது."

"பத்து இல்லப்பா." ஹால்டேன் தாளைத் திருப்பிக் காட்டினார். "ஒரு நாள் கம்மி."

லெஸ்டரின் மனைவி இர்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி மருத்துவமனையில் இயந்திரத்தோடு ஐந்து மணி நேரம். மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் அவள் நான்காவது. ஊர் மாறினால் அங்கே கடைசியில் போய் நிற்க வேண்டும். அவ்வளவு காலம் தாங்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். லெஸ்டர் தனியாகப் போனால் பிப்ரவரி முதல் அக்டோபர் வரை அவள் தனியாக இருக்க வேண்டும்.

"ஆட்டத்தையே விட்டுடறேன்" என்றார் லெஸ்டர் அன்று வீட்டில்.

"விட்டுட்டு? கடன் வச்ச வீட்டுல உக்காந்து என் மூஞ்சியையே பாத்துட்டிருப்பியா? சூப் கூட ஒழுங்கா வைக்கத் தெரியாது உனக்கு" என்றாள் இர்மா. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

குறைந்த அந்த ஒரு நாள் எது என்று லெஸ்டருக்குத் தெரியும். 1970 ஏப்ரல் 13. கீழ்நிலைக் குழுவிலிருந்து அழைத்த அன்றே கிளம்பினார். பனியால் விமானம் தாமதம். மைதானத்துக்குள் நுழைந்தபோது ஒன்பது இன்னிங்ஸில் எட்டாவது நடந்துகொண்டிருந்தது. சீருடை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். களத்தில் இறங்கவில்லை. அலுவலக எழுத்தர் மறுநாள் காலையில்தான் பெயரைப் பதிந்தார். அவர் இப்போது உயிரோடு இல்லை.

ஒரே சாட்சி கஸ் டொனாட்டி. உடைமாற்றும் அறையின் பொறுப்பாளர். துணி துவைத்து, சாப்பாடு வைத்து, ஆட்டக்காரர்களிடம் நாளுக்கு இவ்வளவு என்று அறைக்காசு வாங்குபவர். யார் எந்த நாள் கொடுத்தார்கள் என்பது முப்பது ஆண்டுகளாக அவருடைய நோட்டுகளில் இருக்கிறது.

டிசம்பர் 3 அன்று லெஸ்டர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். கஸ் 1970ஆம் ஆண்டு நோட்டை எடுத்து, ஏப்ரல் 13க்கு நேராக விரலை ஓட்டினார். இருபத்து நான்கு பெயர்கள். லெஸ்டரின் பெயர் இல்லை.

"உனக்கு நாப்பத்து மூணாம் நம்பர் சட்டை குடுத்தேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"அப்புறம் ஏன் எழுதல?"

"நீ காசு குடுக்கலடா! 'வந்ததே எட்டாவது இன்னிங்ஸ்ல, ஒரு வாய் சாப்பிடல, நான் எதுக்குக் குடுக்கணும்?'னு சண்டை போட்ட. நாலு டாலர். புதுசா வந்த பையனுக்கு வாயப் பாருன்னு எல்லாரும் சிரிச்சாங்க."

லெஸ்டர் தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "இப்ப எழுதிடு, கஸ். ஒரு வரிதானே" என்றார்.

கஸ் பேனாவை எடுக்கவும் செய்தார். ஆனால் இருபத்து நான்காவது பெயருக்கு அடியில் கூட்டுத்தொகை. அதை ஒட்டியே மறுநாள் தேதி. நடுவில் ஒரு எறும்பு போக இடமில்லை.

"எவனும் ஏமாத்தக் கூடாதுன்னுதான் இப்படி நெருக்கி எழுதுவேன்" என்றார் கஸ், பேனாவை மூடியபடி. "நடந்தத நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நீ காசு குடுக்காததையும் சேத்துதான்."

"சேத்தே எழுது. என் மானம் போனா போகட்டும்."

வாக்குமூலம் டிசம்பர் 4 அன்று நியூயார்க்கில் உள்ள லீக் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போனது. விசாரணை முடியும்வரை மாற்றம் நிறுத்திவைக்கப்பட்டது. மேற்குக் கடற்கரைக் குழுக்காரர்கள் பொறுமையிழந்தார்கள். ஹால்டேன் வாரம் இருமுறை தொலைபேசியில் கேட்டார். கிறிஸ்துமஸ் வந்து போனது. வரிசையில் இர்மா மூன்றாவது ஆனாள். அந்த வாரம் அவள் எடை நான்கு பவுண்டு குறைந்தது.

பதில் வந்தபோது அவள் இயந்திரத்தில் இருந்தாள். அவளை மருத்துவமனையில் விட்டுவிட்டு, ஒரு கம்பளி எடுக்க வீட்டுக்கு வந்த லெஸ்டர், பனி அப்பிய தபால்பெட்டியின் முன் நின்றே படித்தார். திரு. டொனாட்டியின் நேர்மையை அலுவலகம் சந்தேகிக்கவில்லை. ஆயினும் அந்த நாளிலேயே எழுதப்பட்ட ஆவணம் ஏதும் இல்லாத நிலையில், ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தரப்பட்ட வாக்குமூலத்தைக் கொண்டு ஒரு நாளைக் கூட்ட இயலாது. மாற்றம் செல்லும். பிப்ரவரி 20க்குள் புதிய குழுவில் சேர வேண்டும்.

கம்பளியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குத் திரும்பினார். அவள் கால்களைப் போர்த்தினார். கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை. அவள் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவுமில்லை.

கடிதம் வந்த நாள்: 1980 ஜனவரி 8, செவ்வாய்.